இடது பக்கத்துக் கைப்பிடிகள்

ஃபஸீஹா என் ஓரகத்தி. அவள் புருஷன் ரய்யான், என் புருஷன் அப்துல் மாலிக்கின் தம்பி. ரய்யானுக்கு தோஹாவில் வேலை, இவருக்குத் திண்டிவனத்தில் செருப்புக் கடை. ஒரே வீடு, ஒரே அடுப்படி, எங்கள் இருவருக்கும் ஒரே மாமியார். கோட்டக்குப்பத்திலிருந்து அவள் கல்யாணமாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாக நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சில வீடுகளில் நாள் முழுக்க டிவி ஓடும், எங்கள் வீட்டில் இது ஓடும்.

பெரிய விஷயம் எதற்கும் நாங்கள் சண்டை போட்டதில்லை. மீன் குழம்புக்கு அவள் தேங்காய் அரைத்து ஊற்றுவாள். நான் செஞ்சிக்காரி, ஊற்ற மாட்டேன். புளி ஜாடியை அவள் அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பாள், நான் எடுத்து மேலே வைப்பேன், குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஜாடி மறுபடி கீழே நிற்கும். நோன்புக் கஞ்சி கிண்டும்போது யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசலுக்குப் போய்வந்தால், அதற்குள் அவள் வெந்தயத்தை அள்ளிப் போட்டிருப்பாள். குக்கர் எத்தனை விசில் என்பதில் எங்களுக்குள் இதுவரை உடன்பாடு ஏற்பட்டதில்லை. பருப்பு ஒருநாள் கல், ஒருநாள் களி. வீட்டில் மற்றவர்கள் இரண்டையும் வாயைத் திறக்காமல் சாப்பிடப் பழகிவிட்டார்கள்.

பழைய அலமாரியைக் கரையான் தின்று, ஒருநாள் டம்ளர் தட்டு அப்படியே சரிந்து விழுந்தது. அதோடு அடுப்படியைப் புதிதாகக் கட்டிவிடுவது என்று முடிவானது. ஒலக்கூரிலிருந்து சவுரிராயன் என்ற ஆசாரி வந்து அளவெடுத்தார். நல்ல வேலைக்காரர், பாவம், எங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டார். கதவுக்கு ஒட்டுகிற மைக்கா என்ன கலர் என்று அவர் ஒரு நாள் காலையில் கேட்டார். பதில் கிடைக்கும்வரை வேறு இரண்டு வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்தார். நான் கருஞ்சிவப்பு என்றேன், அழுக்குத் தெரியாது. அவள் வெள்ளை என்றாள், அழுக்குத் தெரிய வேண்டுமாம், தெரிந்தால்தான் துடைப்பார்களாம். 'துடைப்பார்கள்' என்று அவள் யாரைச் சொன்னாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. கடைசியில் ஜன்னலுக்கு வலது பக்கம் என் கருஞ்சிவப்பு, இடது பக்கம் அவள் வெள்ளை என்று ஒட்டினார்.

மாமி குல்சும் பீவி வந்து நின்று பார்த்தார். "இது அடுப்படியா, கட்சிக் கொடியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்புறம் கைப்பிடி. கதவெல்லாம் மாட்டியாகிவிட்டது, பிடித்து இழுக்க ஒன்றும் இல்லை. தோசைக் கரண்டியை இடுக்கில் விட்டு நெம்பித்தான் சர்க்கரை எடுத்தோம். தோசைக் கரண்டியே உள்ளே மாட்டிக்கொண்டால் மாமியின் வெற்றிலைப் பாக்குவெட்டி. சவுரிராயன் துளை போடும் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு, தூரமாகவே நின்று கேட்டார்.

"அம்மா, நீட்டமா வர்ற ஹேண்டிலா, ரவுண்டா வர்ற குமிழா? ஹேண்டிலுன்னா ரெண்டு ஓட்ட, குமிழுன்னா ஒண்ணு. ஓட்டய போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது. ரெண்டு பேரும் நல்லா பேசிட்டு சொல்லுங்க. நான் வேணா அடுத்த வாரம் வர்றேன்."

நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன். "குமிழு" என்றேன், தயாராக.

ஃபஸீஹா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "உங்க இஷ்டம்க்கா" என்றாள்.

சவுரிராயன் என்னைப் பார்த்தார், நான் சவுரிராயனைப் பார்த்தேன். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, "இன்னாது?" என்றேன். மறுபடி அதையே சொன்னாள். அன்று பூராவும் எனக்குக் கால் தரையில் படவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சாயங்காலம் ஆக ஆக சந்தேகம் வந்தது. நான் என்ன அவ்வளவு நல்லதாகவா வாதாடினேன்? 'குமிழு' என்று ஒரு வார்த்தைதானே சொன்னேன்?

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். ஃபோனில் தேடி, இருப்பதிலேயே மோசமான ஒன்றைப் பிடித்தேன். தங்கக் கலர், நடுவில் ரோஸ் கலரில் கண்ணாடிக்கல். கல்யாண மண்டப மேடையில் போடும் நாற்காலியிலிருந்து பிய்த்து எடுத்த மாதிரி இருந்தது. அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். "நல்லாத்தான்க்கா இருக்கு" என்றாள். அடுத்த நாள் மீன் அவள் முறை. நானே முந்திக்கொண்டு, தேங்காயே இல்லாமல் குழம்பு வைத்தேன். ஊற்றிச் சாப்பிட்டாள். மறுசோறும் வாங்கினாள். புளி ஜாடி மேலேயே இருந்தது, நாள் முழுக்க. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

கடைக்குப் போய் இவரிடம் சொன்னேன். இவர் செருப்புப் பெட்டிகளை நம்பர்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஃபஸீஹா எங்கூட சண்ட போட மாட்டேங்குறா."

"அல்ஹம்துலில்லா."

"வெளையாடாதீங்க. எது கேட்டாலும் உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னு சொல்லிக்கினு இருக்கா. ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா? கோட்டக்குப்பத்துல அவங்க அம்மாவுக்கு ஏதாவதா?"

"இத்தன வருஷமா சண்ட போடுறான்னு பேஜாரு பண்ண. இப்ப போடலன்னு பேஜாரு பண்ற. நான் இன்னா பண்ணட்டும்? சண்ட போடும்மான்னு போய்ச் சொல்லவா?"

"நீங்க சொன்னா போடுவாளா?"

இவர் பெட்டியை மூடிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "அவள கூட்டிக்கினு போய் அந்த கைப்பிடிய வாங்கிட்டு வா மொதல்ல" என்று முடித்துவிட்டார்.

திண்டிவனத்துக் கடைகளில் ரகம் குறைவு. விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அரங்கநாதன் என்பவர் கடையில் சுவர் முழுக்க இருக்கும் என்று சவுரிராயன் வழி சொன்னார். பஸ் ஏறினோம். அவள் முதலில் ஏறி, ஜன்னல் சீட்டில் உட்காராமல் நின்று, "நீங்க உக்காருங்கக்கா, காத்து வரும்" என்றாள். உட்கார்ந்தேன். கூட்டேரிப்பட்டு வரைக்கும் ஏதாவது பேசுவாள் என்று பார்த்தேன். விக்கிரவாண்டியில் பஸ் நின்றபோது வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, பெரியதை என் கையில் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, பிஞ்சைத்தான் பார்த்தேன்.

அரங்கநாதன் பொறுமைசாலி. வெல்வெட் துணி ஒட்டிய பலகைகளில் கைப்பிடிகளை வரிசையாக முடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு பலகையாக மேஜைமேல் எடுத்துப் போட்டார்.

"தொட்டுப் பாருங்க, இழுத்துப் பாருங்க. யாரும்மா முடிவு பண்றது?"

"அவ" என்றேன் நான். "அக்கா" என்றாள் அவள். அரங்கநாதன் தலையை ஆட்டிவிட்டு விசிறியை வேகமாக வைத்தார்.

நான் வேண்டுமென்றே ஒவ்வொன்றாக எடுத்தேன். வெண்டைக்காய் மாதிரி வளைந்த ஒன்று. நல்லாருக்குக்கா. கை வைத்தால் கிழிக்கிற மாதிரி முனை உள்ள ஒன்று. நல்லாருக்குக்கா. மூன்று கலரில், ரப்பர் உறை போட்டு, குழந்தைகள் அறைக்கு என்று எழுதிய கரடி முகக் குமிழ். "க்யூட்டா இருக்குக்கா." உருவப் படம் போட்ட காலண்டரைக்கூட மாமி வீட்டுக்குள் விடமாட்டார். அது தெரிந்தும் சொல்கிறாள்.

பலகையின் ஓரத்தில் பித்தளையில் ஒரு குமிழ் இருந்தது. அதன் அடியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு மணி தொங்கியது.

"இதுல எவ்ளோ இருக்குங்க?"

அரங்கநாதன் எங்கள் முக்காட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "அது பூஜ ரூம் கதவுக்கு வர்றதும்மா."

"பரவால்ல. கிச்சன் முழுக்க இதயே போட்டுடலாம்."

அவர் உதவி கேட்கிற மாதிரி ஃபஸீஹா பக்கம் திரும்பினார். அவள் அந்தக் குமிழைக் கையில் எடுத்து லேசாக ஆட்டினாள். மணி அடித்தது.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. உங்க இஷ்டம்க்கா."

மாமி விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு டீத்தூள் எடுக்க டிராயரை இழுப்பார். மணி அடிக்கும். அதற்கு மேல் நான் அந்த வீட்டில் இருப்பதா, செஞ்சிக்குப் பெட்டியைக் கட்டுவதா என்பதை மாமி முடிவு செய்வார். அது ஃபஸீஹாவுக்கும் தெரியும். தெரிந்தும் கவலைப்படவில்லை. ஒரு பெண், தான் புழங்கும் அடுப்படி எப்படியிருந்தாலும் சரி என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் அங்கே புழங்கப் போவதில்லை.

"எப்ப போற?" என்றேன்.

அவள் குமிழைப் பலகைமேல் வைத்தாள். அது மறுபடி ஒருமுறை அடித்தது.

"விசா வந்துருச்சுக்கா. ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சு டிக்கெட்டு. அவரு அங்க வூடு பாத்துட்டாரு."

"மாமிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்க வூட்டுக்காரருக்கு?"

"அண்ணன்தான் என் பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணி அனுப்புனாங்க."

செருப்புப் பெட்டியை மூடிவிட்டுப் பார்த்த அந்தப் பார்வை இப்போது புரிந்தது. வீட்டுக்குப் போய் அந்த மனிதரைக் கவனித்துக்கொள்ளலாம் என்று ஒத்தி வைத்தேன்.

"ஆக, எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் வெளியாளு."

"அய்யோ இல்லக்கா. யாரும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். உங்ககிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன். மாமிகிட்ட ஜல்தியா சொல்லிட்டேன், எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட வர்றப்பதான் வாயே வரல. தெனமும் காலைல வெங்காயத்த எடுத்துக்கினு உங்க பக்கத்துல வந்து உக்காருவேன், இன்னிக்கி சொல்லிடணும்னு. வெங்காயந்தான் தீரும்."

கொஞ்ச நாளாக வீட்டில் ஏன் எல்லாவற்றிலும் அத்தனை வெங்காயம் என்பதும் புரிந்தது.

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. வந்தது பயம். இவர் காலையில் கடைக்குப் போய்விடுவார், என் பிள்ளைகள் பள்ளிக்கூடம், மாமிக்கு ஓதவும் தொழவும் நேரம் சரியாக இருக்கும். அந்தப் புது அடுப்படியில் நான் மட்டும் நிற்பேன். புளி ஜாடியை எங்கே வைத்தாலும் வைத்த இடத்தில் இருக்கும். குழம்பு நான் வைக்கிற மாதிரியே இருக்கும், தினமும். அதை நினைத்ததும் அந்தக் கடையில், விசிறிக்குக் கீழே, எனக்கு வியர்த்துவிட்டது.

"அதுக்கு எதுக்குடி ஊமை மாதிரி இருந்த?"

"போறவ எப்படிக்கா எனக்கு இது வேணும், அது வேணும்னு நிக்கிறது? நாளைக்கிப் பொழங்கப் போறது நீங்க. உங்க இஷ்டப்படியே இருக்கட்டும்னுதான்."

"என் இஷ்டத்த எவ கேட்டா? பாதி உன்னுது. அந்த வெள்ள மைக்கா யாரு கேட்டது? நானா கேட்டேன்? கலர மட்டும் ஒட்டிட்டு, கைப்பிடி சொல்லாம ஓடிப்போவியா? இடது பக்கத்துக்கு இன்னா போடறதுன்னு சொல்லு."

"நீங்களே சொல்லுங்கக்கா."

"நானா? சரி." அரங்கநாதனைப் பார்த்தேன். "அண்ணே, இந்த மணி வெச்ச குமிழே குடுங்க. இடது பக்கம் முழுக்க. மேல் கதவு, கீழ் கதவு, டிராயரு, ஒண்ணு விடாம."

அவர் தயங்கித் தயங்கி பில் புத்தகத்தை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார்.

"எழுதாதீங்க" என்றாள் ஃபஸீஹா.

அரங்கநாதன் பேனாவை மூடினார்.

"வெள்ள மைக்காவுல பித்தள மணியா? பாக்க சகிக்குமா? இன்னாக்கா நெனச்சிக்கினு இருக்கீங்க மனசுல? நான் ஒருத்தி அந்தக் கலருக்காக எவ்ளோ நாளு கத்துனேன்!" பலகைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தட்டையான, நீட்டமான ஒரு கறுப்புக் கைப்பிடியில் கையை வைத்தாள். "இது. வெள்ளைக்கு இதான். வேற எது போட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"இந்த நீட்டமா? முக்காட்ட புடிச்சி இழுக்கும்."

"முக்காட்ட சொருவிக்கினு வேல செய்ங்க. உங்க குமிழு மட்டும் இன்னா? எண்ணெக் கைல புடிச்சா வழுக்கிக்கினு போவும்."

"கைய கழுவிட்டுத் தொறக்கணும். கோட்டக்குப்பத்துல தண்ணி இல்லியா?"

"செஞ்சில இருக்குற தண்ணி தெரியாதா எங்களுக்கு!"

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கறுப்பு மின்னுவதா, மின்னாததா. குமிழ் வழவழப்பா, வரி போட்டதா. அவள் என் குமிழைப் பார்த்து இட்லிப் பானை மூடி என்றாள். நான் அவள் கைப்பிடியை பஸ்ஸில் தொங்குகிற கம்பி என்றேன். வேறு ஒருவர் பூட்டு வாங்க வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போனார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அதைத் துடைத்துக்கொண்டே திட்டினேன். அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் பதில் சொன்னாள்.

அரங்கநாதன் எங்களுக்கு டீ வரவழைத்தார்.

"நீங்க அக்கா தங்கச்சிங்களாம்மா?"

"இல்ல, ஓரகத்திங்க" என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

"அதான பாத்தேன்" என்றார் அவர். எதைப் பார்த்தார் என்று சொல்லவில்லை.

வலது பக்கத்துக்கு வரி போட்ட பித்தளைக் குமிழ், இடது பக்கத்துக்குக் கறுப்புக் கைப்பிடி என்று இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். கடையை விட்டு இறங்கியதும், என் பொட்டலம் எது, அவள் பொட்டலம் எது என்று ஒரு சின்னச் சண்டை வந்தது. பிரித்துப் பார்த்துத் தீர்த்துக்கொண்டோம்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னல் சீட்டைப் பிடித்தாள். பஸ் விக்கிரவாண்டி தாண்டும்வரை நீட்டக் கைப்பிடியை நின்ற வாக்கில் முடுக்குவதா, படுத்த வாக்கிலா என்று பேசினாள். நின்ற வாக்கில்தான் என்று சவுரிராயனிடம் அவளே நின்று சொல்லப் போகிறாளாம். வெளியே அறுப்பு முடிந்த வயல்கள் ஓடின. பெருநாளுக்கு எத்தனை வாரம் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன், போட முடியாமல் விட்டுவிட்டேன்.

"அக்கா" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே. "அடுப்புக்குக் கீழ பெரிய டிராயரு ஒண்ணு இருக்குது இல்ல. அது என் பக்கம்."

"உன் பக்கந்தான். இப்ப இன்னா அதுக்கு?"

"நான் இல்லன்னு உங்க டப்பாவ எல்லாம் கொண்டாந்து அதுல ரொப்பக் கூடாது."

"அவ்ளோ பெரிய டிராயர காலியா வெச்சி வேடிக்க பாக்கச் சொல்றியா?"

"காலியாவே கெடக்கட்டும். என்னுது."

"வெப்பேன்டி. மொளகாத்தூள், மல்லாட்ட, வெல்லம், எல்லாத்தயும் கொண்டாந்து வெப்பேன். உன் கைப்பிடிய புடிச்சி இழுத்துத் தொறந்து வெப்பேன்."

அவள் திரும்பினாள். மூக்கு சிவந்திருந்தது. "வெச்சிப் பாருங்க. லீவுல வந்து ஒண்ணு விடாம தூக்கி வெளிய போடுவேன்."

"வா" என்றேன். "வந்து போடு."